சிங்கப்பூரில் கிடங்கு, தொழிற்கூடம் பிடிப்பது: அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

ஊரில் நன்றாக ஓடும் மசாலா, ஆயத்த ஆடை, உதிரிபாகத் தொழிலைச் சிங்கப்பூருக்கு விரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன வாடகை?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே இடம் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. கிடைத்த இடத்தில் நம் தொழிலை நடத்த அனுமதி உண்டா, நம் சரக்கை அந்தத் தரை தாங்குமா, நம் இயந்திரத்துக்கு மின்சாரம் போதுமா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்தான் பணம் கரைகிறது. அவரவர் கையாளும் பகுதியைப் பற்றி எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அடுத்து வருபவர் நாளைக்கே பயன்படுத்தும்படி விவரம் இருந்தால் போதும்.

தொழில் சொத்து முகவர்

யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) தளத்தில், எந்த நிலத்தில் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்று காட்டும் மாஸ்டர் பிளான் வரைபடம் இலவசம். கட்டட முகவரியைப் போட்டு, அந்த நிலம் பி1-ஆ பி2-ஆ என்று முதலில் பாருங்கள். பி1 என்றால் துப்புரவான, இலகுவான தொழில்களும் கிடங்கும்; சுற்றுப்புறத்துக்கும் தொழிலுக்கும் இடையே 50 மீட்டருக்கு மேல் இடைவெளி தேவைப்படாதவை. அதற்கு மேல் இடைவெளி கேட்கும் தொழில் பி2-க்குத்தான் போக வேண்டும். சத்தம், புகை, வாடை, ரசாயனம் இருந்தால் பி1 கட்டடத்தில் ஏறி இறங்கி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது 60:40 விதி. தளப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் உற்பத்தி, சேமிப்பு போன்ற முதன்மைப் பயன்பாட்டுக்கு இருக்க வேண்டும். அலுவலகம், காட்சியறை, ஊழியர் ஓய்வறை எல்லாம் மீதி 40-க்குள் அடங்க வேண்டும். துணி வியாபாரிகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். கிடங்கு எடுத்து, முன்பக்கம் அழகாக அடுக்கி, வருகிறவர்களுக்குச் சில்லறையாக விற்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சேமிக்கலாம், பொட்டலம் கட்டி அனுப்பலாம்; கடை நடத்த முடியாது. வெறும் வணிக அலுவலகமாக நடத்தவும் முடியாது. "முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் செய்தார்" என்று உரிமையாளர் சொல்வது அனுமதி ஆகாது. அந்த யூனிட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

முகவரின் பதிவு எண்ணை, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ மன்றத்தின் பொதுப்பதிவேட்டில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். தட்டாமல் யாருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

ரேக் அமைப்பவர்

தரைத் தாங்குதிறன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊரிலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. அங்கே கிடங்கு என்றால் பெரும்பாலும் தரைத்தளம், மண்மேல் போட்ட கான்கிரீட். இங்கே ஆறாவது மாடியிலும் கிடங்கு இருக்கும்.

விளம்பரத்தில் 7.5, 12.5, 20 என்று ஓர் எண் இருக்கும். அது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று பொருள். ஒரு கிலோநியூட்டனை ஏறக்குறைய 102 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.5 என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 765 கிலோ. ஒரு பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் பலகை மேடை) 1.2 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது 1.2 சதுர மீட்டர். அதன்மேல் 917 கிலோதான் வைக்கலாம். ஒரு டன் பேலட்டைத் தரையில் நெருக்கி அடுக்கினால், ஒற்றை அடுக்கிலேயே வரம்பு தாண்டிவிடும். 12.5 என்றால் ஒரு பேலட்டுக்கு 1,530 கிலோ; ஒரு டன் பேலட் ஓர் அடுக்கு சரி, இரண்டாவதை ஏற்றக்கூடாது. 20 என்றால்தான் இரண்டு அடுக்கு.

ரேக் போட்டால் கணக்கே வேறு. தரை, முதல் தட்டு, இரண்டாம் தட்டு என மூன்று நிலை, ஒரு நிலைக்கு இரண்டு பேலட், பேலட் ஒரு டன் என்று எடுத்துக்கொள்வோம். தரையில் இருப்பவை நேராகத் தரைக்குப் போகும். மேலே உள்ளவை நான்கு டன். ரேக்கைத் தாங்கும் நிமிர்ந்த சட்டங்களில் நடுவிலுள்ள ஒன்று இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வாங்குவதால், அந்த நான்கு டன்னை அதன் இரண்டு கால்கள் சுமக்கும், கால் ஒன்றுக்கு இரண்டு டன். முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை வைத்தால், ஓர் அடிக்குள் இரண்டு கால்கள் சேர்ந்து நான்கு டன்னை உள்ளங்கை அளவு தகடுகள் வழியாகத் தரையில் இறக்கும். சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது என்ற வாதம் அங்கே செல்லாது. தகட்டைப் பெரிதாக்குவதா, சட்டங்களின் இடைவெளியை மாற்றுவதா, தட்டைக் குறைப்பதா என்பதைத் தொழில்முறைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தாளை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஃபோர்க்லிஃப்ட்டையும் மறக்க வேண்டாம். 2.5 டன் தூக்கும் வண்டியே மூன்றரை, நான்கு டன் எடை. பாரத்தோடு ஆறு டன்னைத் தாண்டும், அதில் பெரும்பகுதி முன்சக்கரங்களில் இறங்கும். அந்த வண்டி திரும்ப மூன்றரை முதல் நான்கு மீட்டர் வழி வேண்டும். ரீச் டிரக் (குறுகிய வழியில் திரும்பும் தூக்கு வண்டி) என்றால் மூன்று மீட்டருக்குள் முடிக்கலாம். 5,000 சதுர அடி எடுத்தால் அதில் பாதிக்கு மேல் வண்டி ஓடும் வழியாகப் போவது சகஜம். ஆகவே இத்தனை சதுர அடி என்று கேட்காமல், இத்தனை பேலட் என்று எண்ணி, வரைபடத்தில் ரேக்கை வரைந்து பார்த்த பிறகு பரப்பை முடிவு செய்யுங்கள்.

உயரமும் அப்படியே. கூரை உயரத்தைப் பார்க்காதீர்கள்; விட்டம், காற்றுக்குழாய், தீப்பிடித்தால் நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய் இவற்றில் எது தாழ்வோ அதற்குக் கீழே அளவெடுங்கள். ஸ்பிரிங்க்ளருக்கும் சரக்கின் உச்சிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியைத் தீயணைப்புத் துறையான எஸ்சிடிஎஃப் விதிப்படி கழித்துவிட்டுத்தான் தட்டு எண்ணிக்கை. உயரமாக அடுக்கும் சரக்குக்கு ஏற்கெனவே உள்ள ஸ்பிரிங்க்ளர் போதாமல் போகலாம். பஞ்சு, பிளாஸ்டிக், நுரைப்பொருள் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சரக்குப் போக்குவரத்து

ரேக் அமைக்கும் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேக்குக்கு வருமுன் சரக்கு வாசலுக்கு வர வேண்டும். 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய) கன்டெய்னர் மட்டுமே 2.9 மீட்டர் உயரம். டிரெய்லர்மேல் ஏறியதும் 4 மீட்டரைத் தாண்டிவிடும். பழைய கட்டடங்களில் ஏற்றப்பாதையின் மேற்கூரை அதைவிடத் தாழ்வாக இருக்கும், அல்லது வளைவில் டிரெய்லர் திரும்பாது. "ராம்ப்-அப்" (வண்டி மேல்மாடிக்கே ஏறும் சாய்வுப்பாதை) என்று விளம்பரத்தில் இருந்தால், 40 அடியா 20 அடியா, எந்த மாடி வரை என்று கேளுங்கள். சில இடங்களில் மேல்மாடிக்கு லாரி மட்டும்தான் போகும்.

சரக்கு லிஃப்டை நம்பும் கட்டடமா? லிஃப்டின் கொள்ளளவு, கதவின் அகலம், உயரம், எத்தனை யூனிட்டுக்கு எத்தனை லிஃப்ட் என்று நீங்களே போய்ப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் போங்கள், சனிக்கிழமை மதியம் எல்லாக் கட்டடமும் அமைதியாகத்தான் இருக்கும். இறக்குமேடை இல்லாத இடத்தில் கன்டெய்னர் தளம் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நிற்கும். ஆளை வைத்துக் கையால் இறக்கினால் அரை நாள் போகும், வண்டி காத்திருக்கும் கூலியும் ஏறும்.

வட்டாரம் பற்றி: நகரத் துறைமுக முனையங்கள் படிப்படியாகத் துவாஸுக்கு மாறுகின்றன. துவாஸ் துறைமுகம் 2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கடல் கன்டெய்னர்தான் தொழில் என்றால் துவாஸ், பயனியர், ஜூரோங் பக்கம் பாருங்கள். விமானச் சரக்கு என்றால் சாங்கி, லோயாங். ஜொகூருக்கு அன்றாடம் லாரி போகும் என்றால் உட்லண்ட்ஸ், செனோக்கோ. துவாஸில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் ஊழியர் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துவாஸ் லிங்க் ரயில் நிலையத்துக்கு அப்பால் பஸ்ஸை நம்பித்தான் எல்லாரும் வர வேண்டியிருக்கும்.

மின்பணியாளர்

இயந்திரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இடம் பார்க்கப் போங்கள். பல யூனிட்டுகளில் 60 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இருக்கும். 400 வோல்ட்டில் அது சுமார் 41 கேவிஏ (மின்திறன் அளவு). அரவை மோட்டார் 15 கிலோவாட், கம்ப்ரஸர் 11, குளிர் அறை 10, அதற்குமேல் ஏசியும் விளக்கும் என்றால் நிரம்பிவிட்டது. மோட்டார் கிளம்பும் நேரத்து இழுப்பைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. 45 கேவிஏ-வைத் தாண்டினால் மின்நிறுவலுக்கு இஎம்ஏ (எரிசக்திச் சந்தை ஆணையம்) உரிமம் வேண்டும், உரிமம் பெற்ற மின்பணியாளரை நியமிக்க வேண்டும். கேபிள் மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கட்டடத்தின் பிரதான மின்பலகையில் மிச்சம் இருந்தால்தான் கூட்டித் தருவார்கள். மிச்சம் இல்லை என்றால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. எத்தனை ஆம்பியர் தருவோம் என்பதை உரிமையாளரிடம் கடிதமாக வாங்குங்கள்.

இந்திய இயந்திரங்கள் இங்கே ஓடும், 50 ஹெர்ட்ஸ்தான். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய இயந்திரத்தை மலிவாக வாங்கி வந்தால் மோட்டாரின் வேகம் குறையும், சூடேறும்.

உணவுத் தொழிற்கூட ஆலோசகர்

மசாலா, ஊறுகாய், மாவு, இனிப்பு செய்ய வருபவர்களுக்கு. உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஸ்எஃப்ஏ-யின் உணவுத் தொழிற்கூட உரிமம் வேண்டும். தள வரைபடத்தைக் காட்டித்தான் வாங்க முடியும். பச்சைப் பொருள் வரும் வழியும் முடிந்த பொருள் போகும் வழியும் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது. கை கழுவும் தொட்டி தனி, பாத்திரம் கழுவும் தொட்டி தனி. கழிவறைக் கதவு நேராக உற்பத்திப் பகுதிக்குள் திறக்கக் கூடாது.

சாதாரண பி1 கட்டடத்தில் இதெல்லாம் செய்துவிடலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். மூன்றைக் கேளுங்கள்: தரையில் வடிகால் உண்டா, எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டிக்கு இடம் உண்டா, புகைக்குழாயைக் கூரை வரை கொண்டுபோக வழி உண்டா. வடிகாலுக்காக மேல்மாடித் தரையை உடைக்க யாரும் விட மாட்டார்கள். மிளகாய் வறுத்தால் வாடை பக்கத்து யூனிட்டுக்குப் போகும், புகார் வரும், வேலை நிற்கும். ஆகவே உணவுக்கென்றே கட்டிய கட்டடங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. செனோக்கோவிலுள்ள ஜேடிசி (தொழில் நிலங்களைக் கையாளும் அரசு அமைப்பு) ஃபுட் ஹப், பெடோக் ஃபுட் சிட்டி போன்றவை அப்படிப்பட்டவை.

ஒப்பந்த வேலை பார்ப்பவர்

இப்போது பணம். 5,000 சதுர அடி, சதுர அடிக்கு மாதம் 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்று வருடம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாத வாடகை 10,000. வருடத்துக்கு ஒரு மாதம் என்ற வழக்கப்படி வைப்புத்தொகை 30,000. முதல் மாத வாடகையும் 9 சதவீத ஜிஎஸ்டியும் 10,900. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், 1,440. சாவி கைக்கு வருமுன் 42,340 வெள்ளி. சீரமைப்பு வேலைக்கான வைப்புத்தொகை தனி. புதிதாகப் பதிந்த நிறுவனம் என்றால் சிலர் கூடுதல் வைப்போ தாய் நிறுவனத்தின் உத்தரவாதமோ கேட்பார்கள். முத்திரைத் தீர்வையை இங்கே கையெழுத்திட்டால் 14 நாளில், வெளிநாட்டில் கையெழுத்திட்டால் ஆவணம் இங்கே வந்த 30 நாளில் கட்ட வேண்டும்.

ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற நிறுவனம் அதற்குப் பதிந்திருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் கட்டாயம். அதற்குக் கீழே என்றாலும் விரும்பிப் பதியலாம்.

கட்டடம் ஜேடிசி நிலத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உங்கள் உரிமையாளரே ஒரு குத்தகைதாரர்தான். உங்களுக்கு உள்வாடகை விட ஜேடிசி ஒப்புதல் வேண்டும், அது வருமுன் உள்ளே போய் ரேக் போடக் கூடாது. மூலக் குத்தகையில் இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்றும் கேளுங்கள். நான்கு வருடம்தான் மிச்சம் என்றால் உங்கள் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நீட்டிப்பு கிடைக்காது. குளிர் அறைக்குப் போட்ட பணம் அங்கேயே கிடக்கும்.

இடைமாடி உள்ள யூனிட் "போனஸ் இடம்" என்று காட்டுவார்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் அது இருக்கிறதா? இல்லையென்றால் அது போனஸ் இல்லை. இடிக்கச் சொல்லி உத்தரவு வரும்போது அங்கே நிற்பது நீங்கள்தான்.

பாதியில் விலகும் உரிமை தொழிற்கூட ஒப்பந்தங்களில் தானாக வராது, கேட்டு எழுத வேண்டும். கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. வாடகையில்லாச் சீரமைப்புக் காலமும், ஒப்பந்தத்துக்கு முன் போடும் விருப்பக் கடிதத்திலேயே ஏற வேண்டும். அந்தக் கடிதத்தில் இல்லாதது பிறகு ஒப்பந்தத்தில் ஏறுவது அபூர்வம்.

மீண்டும் சரக்குப் போக்குவரத்து

மாதம் ஒன்றிரண்டு கன்டெய்னர்தான் வரும் என்றால் எதற்கு மூன்று வருட ஒப்பந்தம்? பேலட் கணக்கில் வாடகை வாங்கும் மூன்றாந்தரப்புக் கிடங்கில் ஆறு மாதம் வையுங்கள். எந்தச் சரக்கு நகர்கிறது, எது தேங்குகிறது என்று தெரிந்துவிடும். மறு ஏற்றுமதிதான் அதிகம் என்றால் சுங்கத்துறை உரிமம் பெற்ற ஜீரோ ஜிஎஸ்டி கிடங்கைக் கேளுங்கள். சரக்கு உள்ளே இருக்கும்வரை இறக்குமதி ஜிஎஸ்டி நிறுத்திவைக்கப்படும்.

ஜொகூரில் கிடங்கு வைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பலாமா என்று 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். இடம் மலிவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் சுங்க அறிவிப்பு, பாலத்தில் காத்திருப்பு. வாரத்துக்கு ஒரு முழு லாரி போகும் சரக்குக்குச் சரி வரும். அன்றாடம் பத்துப் பெட்டி கேட்கும் வாடிக்கையாளருக்குச் சரி வராது.

ரேக் அமைப்பவர்

ஒன்று விட்டுப்போனது. சாவி வாங்கும் நாளில், ஒரு பொருளும் உள்ளே போகுமுன், தரையிலுள்ள ஒவ்வொரு விரிசலையும் பழைய போல்ட் துளையையும் எண்ணெய்க் கறையையும் படம் எடுத்து, தேதியோடு உரிமையாளருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ரேக் போல்ட்டை வெட்டி எடுத்து, துளையை எபாக்சியால் அடைத்து, தரையைத் தேய்த்துப் பூசக் குறைந்தது இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரமும் வாடகைக் காலத்துக்குள்ளேயே முடிய வேண்டும்.