ஒட்டகப் பந்தயத்துக்கு முதல்முறை போன அனுபவம்: சொல்லுங்கள்

தோஹாவாசி:
கத்தாரில் அல் ஷஹானியா, வெள்ளிக்கிழமை காலை. அறைத்தோழர் காரில் பாதையை ஒட்டியே போகிறோம். ஒட்டகத்தின் முதுகில் ஆளுக்குப் பதில் சிறு ரோபோ, அதன் சாட்டையைக் காரில் கூடவே வரும் ஒட்டக முதலாளி ரிமோட்டில் சுழற்றுவார். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது ஒரே ஒரு ஒட்டகம். பாதி வழியில் அது நின்றுவிட்டது. மற்றவை புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன. இது திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கியது. முதுகில் ரோபோ மட்டும் விடாமல் சாட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒலிபெருக்கியில் முதலாளி அதட்டினார். ஒட்டகம் காதை ஒருமுறை அசைத்ததோடு சரி. கொஞ்ச நேரத்தில் அதட்டல் கெஞ்சலாகிவிட்டது. அறைத்தோழர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ எங்கள் சூப்பர்வைசரின் வாக்கி டாக்கி நினைவுக்கு வந்தது.

பழைய அல்ஐன்காரன்:
தம்பி, ரோபோவின் சாட்டைக்கே இவ்வளவு வருத்தமா? 1996இல் அமீரகத்தின் அல்ஐனில் நான் பார்த்தபோது மேலே இருந்தவர்கள் பையன்கள். பாகிஸ்தான், வங்கதேசம், சூடான் பிள்ளைகள். ஒருவனுக்கு ஆறு வயது இருந்தால் அதிகம். ஓட்டம் முடிந்து அவனை இறக்கும்போது, நழுவாமல் இருக்க ஒட்டியிருந்த வெல்க்ரோ பர்ரென்று பிரிந்தது. தரையில் விட்ட பிறகும் காலைச் சேர்த்து வைக்க முடியாமல் அகட்டியே நின்றான். 2005இல்தான் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறக் கூடாது என்று அமீரகம் சட்டம் போட்டது. யுனிசெஃபும் சேர்ந்து பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியது. பள்ளி பையிலும் வெல்க்ரோ உண்டல்லவா, பேரன் திறந்தால் நான் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன். அந்த ரோபோவைக் குறை சொல்லாதீர்கள்.

மர்மூம் அப்பா:
துபாய் அல் மர்மூமுக்குக் குடும்பத்தோடு போனேன். வாயில் கட்டிய கூடையைப் பார்த்து, "ஒட்டகத்துக்கும் மாஸ்க்கா அப்பா?" என்றாள் மகள். என் கதை அவ்வளவுதான்.
போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிக்கெட் கிடையாது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் பருவம். விடிந்ததும் ஓட்டம் தொடங்கிவிடும். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தால் வெறும் மணலைத்தான் பார்ப்பீர்கள். ஊர் ரேக்ளா மாதிரி ஓரமாக நின்று பார்ப்பதில் பயனில்லை, புறப்பட்ட சற்று நேரத்தில் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். பார்வையாளர் வண்டிகளைப் பாதையோரமாக விடுகிறார்களா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால், ஓட்டுகிறவர் ஒட்டகத்தைப் பார்க்கக் கூடாது. பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள்! வென்ற ஒட்டகத்தின் தலையிலும் கழுத்திலும் குங்குமப்பூவைக் குழைத்துப் பூசுவார்கள். வெள்ளைச் சட்டையோடு கிட்டப் போகாதீர்கள்.

தோஹாவாசி:
அண்ணா, ரோபோவை நான் குறை சொல்லவே இல்லை. பையன்களுக்குப் பதில் அது வந்தது நல்லதுதான். நான் சொன்னது நின்றுபோன அந்த ஒட்டகத்தைப் பற்றி. கடைசியில் பராமரிப்பாளர் ஒருவர் ஓடிவந்தார். கயிற்றைத் தொடும் முன்னால், எட்டி அந்தச் சாட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளே முதலாளி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.