'மெயின்டெய்னர்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

அனுப்புநர்: சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

குழுவினருக்கு வணக்கம். கோயில் மண்டபத்துக் கணினி வகுப்பில், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்தில் இருக்கும் கோப்புகளை, இன்று எங்கும் வழங்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற ஒரு செயலி வைத்திருக்கிறோம். அதிலேயே தமிழில் தட்டச்சும் செய்யலாம். எழுதிய தம்பிக்கு இப்போது வேலை, பிள்ளைகள், முதுகுவலி. "இனி என்னால் முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். மூல நிரல் யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில்தான் இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. ஆள் தேடி அறிவிப்புப் போடுகிறோம். இப்படி ஒரு மென்பொருளைத் தொடர்ந்து கவனித்துக்கொள்பவரை ஆங்கிலத்தில் 'மெயின்டெய்னர்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல் போடட்டும்?

அனுப்புநர்: புலவர், தைப்பிங்

'பராமரிப்பாளர்' வேண்டாம் அம்மா, வடசொல் வேர். 'பேணுநர்' என்க. பேணு பகுதி, ந் இடைநிலை, அர் விகுதி. ஓட்டுநர், பெறுநர் போல. இந்த மடலின் தலையிலேயே 'அனுப்புநர்' உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். பேண் என்பதே குறுகிப் பெண் ஆயிற்று என்பது என் துணிபு. விரித்தால் நான்கு மடல் ஆகும்.

அனுப்புநர்: ஆசிரியை

ஐயா, வீட்டைப் பேணுவது போதாதென்று மென்பொருளையும் நாங்களே பேணவேண்டுமா? விரிக்க வேண்டாம்.

அனுப்புநர்: நிரலாளர், கோலாலம்பூர்

சொல்லைவிட வேலையைப் பார்க்கலாம். தட்டச்சுப் பகுதி இனி எதற்கு? எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மாற்றியை மட்டும் வைத்துக்கொண்டால் புதியவருக்கும் சுமை குறையும். ஆனால் வந்தவர் கையில் உடனே சாவியை, அதாவது நிரலை மாற்றி வெளியிடும் உரிமையை, கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியை ஒருவர் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து நெருக்கினார்கள். உதவ வந்தவர் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு, அதாவது பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழி, வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆந்திரேஸ் பிராய்ண்ட் என்பவர், எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டப்போய்த்தான் வெளியே வந்தது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்), சுங்கை சிப்புட்

தம்பி சொன்னதும் ரப்பர்த் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஓர் ஆள் நோயில் படுத்தால் அவர் மரங்களில் வேறு ஆள் பால் வெட்டுவார். கை தெரியாதவர் உளியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும். அப்புறம் அதில் ஒழுங்காக வெட்டவே முடியாது. அதனால் என் ஓட்டு 'கண்காணி'க்கு. தோட்டத்து ஆட்களை மேற்பார்த்த கங்காணி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதானே?

அனுப்புநர்: நிரலாளர்

கிராணி ஐயா, மரக்கதை ரொம்பப் பொருத்தம், சொல் வேண்டாம். தலைக்குத் தலை காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்த கங்காணியை எங்கள் பாட்டி கடைசிவரை மன்னிக்கவில்லை. இங்கே வருகிறவருக்கோ ஒரு காசும் கிடையாது.

அனுப்புநர்: புலவர்

'ஓம்புநர்'? "ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்" என்பது குறள்.

அனுப்புநர்: ஆசிரியை

விருந்துக்கு ஆள் தேடுகிறோம் என்று நினைப்பார்கள் ஐயா. அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் 'பராமரிப்பாளர்', இரண்டு பேர் 'பேணுநர்', கண்காணிக்கு ஒன்று. சரி, 'பராமரிப்பாளர்' என்றே கொடுத்துவிட்டேன்.

அனுப்புநர்: புலவர்

என் மறுப்பைப் பதிந்துவைக்கவும்.

அனுப்புநர்: ஆசிரியை

பதிந்தாயிற்று. அறிவிப்பு வெளியாகி ஒரு வாரம், ஒரே ஓர் அழைப்பு. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலையா, சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். தனக்கு ஒத்துவராது, ஆனால் மகள் பாலிடெக்னிக்கில் கணினி படிக்கிறாள், அனுப்பிவைக்கிறேன் என்றார். சனிக்கிழமை வருகிறாள். முதலில் தட்டச்சுப் பகுதியை வெட்டக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். சாவி பிறகுதான்.

புலவர் ஐயா, பேண், பெண் என்று தயவுசெய்து மறுபடி மடல் போட்டுவிடாதீர்கள்.