வான்கோழி இறக்கை எலும்பில் விங்போன் கால் (call, அழைப்புக் குழல்): எங்கே அறுப்பது, எதைப் பூசுவது?

பச்சைத்தண்ணி:
வணக்கம் மக்களே. நான் இருப்பது பென்சில்வேனியாவில். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டைக்குப் போகிறவர். போன இலையுதிர் சீசனில் சுட்ட காட்டு வான்கோழியின் இரண்டு இறக்கைகளையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, "நீதான் மரவேலை எல்லாம் செய்கிறாயே, இதில் ஒரு விங்போன் கால் செய்து பார்" என்று சொல்லிவிட்டார். பெட்டைக் கோழியாம், அதுதான் விசேஷம் என்கிறார், ஏன் என்று புரியவில்லை. நான் வேட்டைக்காரன் இல்லை, துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை, ஆனால் வான்கோழிக் குரல் எழுப்பி அதை வரவழைக்கும் எலும்புக் குழல் செய்வது என்றதும் ஆசை வந்துவிட்டது. இறைச்சியை வழித்தாகிவிட்டது, இன்னும் அறுக்கவில்லை. எந்த எலும்பு எங்கே போகும், எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது, வாயில் வைக்கிற பொருள் என்பதால் மேலே எதைப் பூசலாம்? ப்ளீச்சில் ஊறப்போடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், சரிதானா?

உளிச்சத்தம்:
ப்ளீச் வேண்டவே வேண்டாம் நண்பா. எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜனையே அது தின்றுவிடும், கொஞ்ச நாளில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர ஆரம்பிக்கும். வெள்ளையாக வேண்டுமென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஒரு ராத்திரி போடு, போதும். ஆனால் அது கடைசியில். முதலில் கொழுப்பு போக வேண்டும், இல்லையென்றால் என்ன வெளுத்தாலும் மஞ்சள் திரும்பி வரும்.

இறக்கையில் மூன்று எலும்பு உனக்கு வேண்டும். தோளை ஒட்டிய தடித்தது ஹியூமரஸ், முன்கையில் இரண்டு: பருமனானது அல்னா, ஒல்லியானது ரேடியஸ். ரேடியஸ் வாயில், அல்னா நடுவில், ஹியூமரஸ் கடைசியில் ஒலி வெளியேறும் வாய்ப்பகுதியாக. ஒன்றுக்குள் ஒன்று ஏறக்குறைய அரை அங்குலம் நுழையும். முனைகளில் இருக்கும் முண்டுகளைப் பல் நுண்ணிய ரம்பத்தாலோ ட்ரெமல் (கையடக்கச் சுழல் கருவி) வெட்டு சக்கரத்தாலோ எடு, ஆனால் நீளத்தைத் தாராளமாக விட்டு வை, பின்னால் குறைக்கலாம், கூட்ட முடியாது. மாஸ்க் போடாமல் எலும்பை அறுக்காதே, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

அறுத்த பிறகு ரேடியஸ், அல்னா இரண்டிலும் மஜ்ஜை இருக்கும், மெல்லிய கம்பியாலோ பழைய கிட்டார் தந்தியாலோ தள்ளி எடு. ஹியூமரஸில் மஜ்ஜை இருக்காது, காற்றறைதான், ஆனால் உள்ளே முனைப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய எலும்புத் தூண்கள் நிற்கும். அவற்றை வட்ட அரத்தால் சுரண்டி வழியைத் திறந்துவிடு, பலர் இதை விட்டுவிட்டு சத்தம் அடைக்கிறது என்று புலம்புவார்கள். அப்புறம் பாத்திர சோப்புத் தண்ணீரில் சிறு தீயில் வைத்து எடு, தளதளவென்று கொதிக்க விட்டால் எலும்பு நொறுங்கும். பிறகு சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் தெளிவாகும் வரை மாற்றிக்கொண்டே இரு. இந்தப் பொறுமைதான் பாதி வேலை.

டெக்சாஸ்_தட்டான்:
பெட்டை ஏன் விசேஷம் என்றால், எலும்பு ஒல்லி, துளை குறுகல், அதனால் பெட்டை எழுப்பும் அந்தக் கீச்சுக் குரலுக்கு அருகில் வரும். சேவல் எலும்பில் கால் செய்யலாம்தான், கொஞ்சம் கனத்த, கரகரத்த சத்தம் வரும். இன்னொன்று, உங்கள் மாநிலத்தில் வசந்த சீசனில் தாடி (நெஞ்சில் தொங்கும் இறகுக் கற்றை) உள்ள பறவையைத்தான் சுட அனுமதி, அது பெரும்பாலும் சேவல். பெட்டை கிடைப்பது இலையுதிர் காலத்தில்தான். பெரியவர் ஃப்ரீசரில் பத்திரப்படுத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

உளிச்சத்தம் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எபாக்ஸி பசை கலக்குவதற்கு முன்னால் இணைப்புகளில் டெஃப்லான் டேப்பையோ தேன்மெழுகையோ சுற்றி வெறுமனே பொருத்தி வாசித்துப் பார். இந்த எலும்புகள் எதுவும் வட்டமாக இருக்காது, நீள்வட்டம், அதனால் இடுக்கு விழும், அதில் காற்று கசிந்தால் கத்தல் வராது, 'உஸ்' என்று ஊதல்தான் வரும். பிடித்த நீளமும் சத்தமும் அமைந்த பிறகு ஐந்து நிமிட எபாக்ஸியால் நிரப்பி ஒட்டு. இடுக்கு பெரிதென்றால் உள்ளே போகும் எலும்பில் நூலைச் சுற்றிப் பருமனாக்கு. என் கணக்கில் விங்போனில் காற்று கசியாத இணைப்புக்குத்தான் முதல் மதிப்பு, பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம். கடையில் கண்ணாடி மாதிரி மின்னும் கால்கள் பல வெறும் அலங்காரம்.

பச்சைத்தண்ணி:
உளிச்சத்தம் அண்ணா, தட்டான் அண்ணா, இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி டேப் சுற்றிப் பொருத்திவிட்டேன். ஊதினால் காற்றுதான் போகிறது, கசிவும் தெரியவில்லை. கடையில் தேங்க்ஸ்கிவிங் வான்கோழி வாங்கி அதிலும் ஒன்று முயலலாமா? மேல்பூச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

டெக்சாஸ்_தட்டான்:
தம்பி, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! ரேடியஸ் முனையை உதட்டின் நடுவிலோ ஓரத்திலோ லேசாக வைத்து, நம் ஆட்கள் பரிதாபப்பட்டு 'உச்சு' கொட்டுவார்களே, அப்படிச் சின்னச் சின்னதாக உள்ளிழு. ஒரே உச்சு என்றால் கோழியின் 'க்ளக்'. இழுப்பைத் தொடங்கி சட்டென்று தளர்த்தினால் மேலிருந்து கீழே இறங்கும் இரட்டைச் சுரம் வரும், அதுதான் 'யெல்ப்'. ஹியூமரஸ் முனையைக் கையால் குவித்து மூடித் திறந்தால் ஒலியின் குணம் மாறும். சத்தம் கனமாக இருந்தால் நுனியை இம்மி இம்மியாகக் குறை, குட்டையானால் சுரம் ஏறும். உதடு ஒரே இடத்தில் நிற்க, வாய்முனையிலிருந்து சற்று உள்ளே மரத்திலோ மான்கொம்பிலோ சின்ன வளையம் ஒன்றை ஒட்டிவிடு.

கடைக் கோழி இளசிலேயே அறுக்கப்படுவது, எலும்பு முற்றியிருக்காது. பழகிப் பார்க்க எடுத்துக்கொள், ஆனால் பச்சை இறக்கையாக வாங்கு, ரோஸ்ட் செய்த எலும்பு விரிசல் விடும்.

உளிச்சத்தம்:
பூச்சுக்கு வருகிறேன். 220 எண்ணில் தொடங்கி 400, 600 என்று நீர்த்தாள் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போடு, நனைத்துத் தேய்த்தால் தூளும் பறக்காது. படம் வரைய ஆசை என்றால் இந்தக் கட்டத்தில் ஊசியால் கீறி, கறுப்பு இந்தியன் இங்க்கைத் தேய்த்துத் துடை, கீறலில் மட்டும் மை தங்கும். பழைய நிறம் வேண்டுமென்றால் கெட்டியான கட்டன் தேநீரில் ஊறவை. மை எல்லாம் காய்ந்த பிறகு இணைப்புகளின் மேல் மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலின் மேல் சூப்பர் குளூவை மெல்லியதாக ஓடவிடு. குழல் முழுக்கவும் அதையே சன்னமாக இரண்டு மூன்று பூச்சு கொடுக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், புகை கண்ணைக் கரிக்கும். வாய் படுகிற ரேடியஸ் முனையை மட்டும் வெறுமையாக விடு, தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் பளபளப்பாக்கினால் போதும். வார்னிஷை நான் விரும்புவதில்லை, குளிரில் உரிந்து உதட்டில் ஒட்டும்.

பழையோலை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். உங்கள் பேச்சைப் படித்ததும் நினைவு வந்தது: வடக்கு இஸ்ரேலில் ஐனான்-மல்லாஹா என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 12,000 ஆண்டு பழைய எலும்புக் குழல்களைப் பற்றி 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏழு குழல், நாமக்கோழி, கிளுவை போன்ற நீர்ப்பறவைகளின் இறக்கை எலும்பு. நகல் செய்து வாசித்துப் பார்த்தபோது கெஸ்ட்ரல், ஸ்பாரோஹாக் எனும் சின்ன வேட்டைப் பறவைகளின் குரலோடு பொருந்தியிருக்கிறது. நம் ஊரில் மயில் எலும்பு, கொக்கு எலும்பு கிடைத்தால் இப்படிச் செய்யலாமா?

டெக்சாஸ்_தட்டான்:
கூடாது ஐயா. இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு, தோகை இறகுக்கு இருக்கிற விலக்கு எலும்புக்கு இல்லை. இங்கே அமெரிக்காவிலும் கதை அதுதான், 1918-லிருந்து இருக்கும் வலசைப் பறவைச் சட்டத்தின் கீழ் செத்துக் கிடந்த பருந்தின் எலும்பைக்கூட எடுத்து வைக்க முடியாது. வான்கோழி வலசை போகாததால் அந்தப் பட்டியலில் இல்லை, மாநில வேட்டை விதிகள்தான். ஊரில் செய்ய ஆசையென்றால் பண்ணை வான்கோழி இருக்கிறதே, நம் பக்கம் வளர்க்கிறார்கள், அதை எடுங்கள்.

தம்பி பச்சைத்தண்ணிக்கு ஒன்று: ஏப்ரல் கடைசி, மே மாதம் முழுக்க உங்கள் ஊரில் சீசன், அப்போது பொதுக் காட்டுக்குள் உட்கார்ந்து இதை வாசித்துப் பழகாதே. சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் உண்டு, அந்த நிறத்தில் தொப்பியோ சட்டையோ போட்டுக்கொண்டு பெட்டைக் குரலும் எழுப்பினால் புதருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்ன நினைப்பான்? வீட்டுக் கொல்லையிலேயே வாசி.