கேட்டால் "ஒன்றுமில்லை" என்பவர்களோடு வாழ்வது: பர்மா வீடுகளிலிருந்து சில அனுபவங்கள்

தாம்வே, ரங்கூன் – மருமகள்

எங்கள் வீட்டில் சுகர் குடும்பச் சொத்து. முதலில் மாமாவுக்கு வந்தது, அப்புறம் அத்தைக்கு, இப்போது என் வீட்டுக்காரருக்கும் எல்லையில் நிற்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று இவர்களில் யாரைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததே கிடையாது. அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். பார்க்க ஆரம்பித்தேன்.

மாமா விஷயம் வெட்டவெளியில்தான் தெரிந்தது. தட்டோனிலிருந்து வந்த உறவுக்காரர்களை ஷ்வேடகோன் பகோடாவுக்குக் கூட்டிப் போயிருந்தோம். சித்திரை வெயில், அதுவும் உச்சி நேரம். அங்கே செருப்பு மட்டுமல்ல, காலுறைகூடப் போடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பளிங்குத் தரை தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. நாங்கள் எல்லோரும் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நிழலைப் பார்த்து ஓடினோம். மாமா மட்டும் நடு வெயிலில் நின்றுகொண்டு, கோபுர உச்சியில் வைரம் எந்தப் பக்கம் மின்னும் என்று விருந்தாளிக்கு நிதானமாகக் கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "என்ன பக்தி பாருங்க, சூடே தெரியல" என்று வந்தவர் மெச்சினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வீட்டுக்கு வந்ததும், கால் கழுவித் துடைக்கிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். வலது பெருவிரலுக்குக் கீழே ஐம்பது பைசா அகலத்துக்குக் கொப்புளம். "இது எப்போ வந்துச்சு?" என்று என்னையே கேட்டார். மறுநாள் டாக்டர் ஒரு நைலான் இழையை வைத்துப் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்லுங்கள் என்றார். மாமா பாதி இடங்களில் பேசாமலே இருந்தார். சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது நீளமான நரம்புகள்தான் முதலில் பாதிக்கப்படுமாம், அதனால் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுமாம். சிலருக்கு எரிச்சலும் குத்தலும் வரும். சிலருக்கு இப்படி ஒன்றுமே தெரியாமல் போகும். வலிக்கவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை, நோயே அதுதான்.

கொப்புளம் ஆற ரொம்ப நாள் ஆனது. இப்போது தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்குகளையும் போன் வெளிச்சத்தில் பார்க்கிறேன். வெந்நீரின் சூட்டை என் முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் அவர் காலுக்கு ஊற்றுகிறேன். செருப்பைக் கவிழ்த்துத் தட்டாமல் போடுவதில்லை. பகோடாவானாலும் கோயிலானாலும் விடியற்காலைதான். தீமிதிக்கு வேண்டிக்கொண்டிருந்தார், அதைப் பால்குடமாக மாற்றச் சொல்லிப் பூசாரியையே பேச வைத்தேன். நான் சொன்னால் கேட்பாரா என்ன?

அத்தை கதை வேறு. எழுபது வயதிலும் தினமும் காலையில் 'தனக்கா' என்ற பர்மிய மரக்கட்டையைக் கல்லில் இழைத்து இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் பூசிக்கொள்வார். பர்மாக்காரப் பெண்களே தோற்றுப்போவார்கள், அவ்வளவு ஒழுங்காக. அதன் மேல் முகம் வெளுத்திருக்கிறதா, வாடியிருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மழை கொட்டுகிறது, ஜில்லென்று இருக்கிறது. அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காய்ந்த தனக்காவில் நெற்றியிலிருந்து கோடு கோடாக ஈரம் இறங்குகிறது. அந்தக் குளிரில் ஏன் வேர்க்க வேண்டும்? "சல்லடையை யார் எடுத்தது?" என்று கேட்டார். பதில் சொன்னேன். திரும்பவும் அதையே கேட்டார், கொஞ்சம் கோபமாக. மீட்டரில் வைத்துப் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு, மழையென்று டிபனைத் தள்ளிப்போட்டிருக்கிறார்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏறியிருந்தது, அப்புறம் சோறு போட்டேன். பக்கத்து வீட்டம்மா பதறிப்போய்க் கடையிலிருந்து பால் டீ வாங்கி வந்தார். நல்ல மனசு, ஆனால் பாலில் உள்ள கொழுப்பு சர்க்கரை உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்துக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் சரி. நம் வீடுகளில் டீயோடு கடித்துக்கொள்ள வைத்திருக்கும் பனைவெல்லத் துண்டுகூடப் போதும், நினைவு இருந்தால். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், நேரே ஆஸ்பத்திரிதான்.

இப்போது வெயிலில்லாத நேரத்தில் தனக்கா நனைந்தால் நான் பேச்சே வைத்துக்கொள்வதில்லை, மீட்டரை எடுத்துவிடுவேன். உங்கள் வீட்டில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

மோல்மேன் – நோயாளியே எழுதுகிறேன்

தங்கச்சி, நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் பார்க்கப்படுகிறவன் பக்கமும் ஒன்று உண்டு.

எனக்கு இரண்டு கிட்னியும் போய் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தது என் மனைவிதான், அதுவும் ஙப்பியை வைத்து, அதாவது புளிக்க வைத்த மீன் விழுதை வைத்து. மீன் ஙப்பி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் அந்த வாடைக்கே தட்டைத் தள்ளினேன். கறி, கருவாடு எதைத் தின்றாலும் வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போனேன். முதுகில் அரிப்பு. இதையெல்லாம் அவளிடம் நான் சொல்லவே இல்லை. "உங்களுக்கு வாய் கெட்டுப்போகவில்லை, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கு" என்று அவளே இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் கழிவு சேர்ந்தால் நாக்குத்தான் முதலில் சொல்லும் போலிருக்கிறது. சிறுநீரில் நுரை கலையாமல் நின்றதும் புரதம் ஒழுகுவதன் அடையாளமாம், அதை நான் சோப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். காசுதான், வேறென்ன. சொன்னால் டெஸ்ட், டெஸ்ட் எடுத்தால் மருந்து, மருந்தென்றால் பிள்ளையின் படிப்புக் காசு. இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு மூச்சுவிட இடமில்லை. தட்டைப் பார்க்கிறாள், டம்ளரைப் பார்க்கிறாள், பாத்ரூமில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று பார்க்கிறாள், தூங்கும்போது காலை அமுக்கி, நீர் கோத்துக் குழி விழுகிறதா என்று பார்க்கிறாள். ஒரு நாள் கத்திவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் எழுந்ததும் நான் எடை பார்த்து நாள்காட்டியில் எழுதிவிடுவேன். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறுகிற எடை பெரும்பாலும் தண்ணீர்தான். அவள் நாள்காட்டியைப் பார்க்கட்டும், என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். இது எங்களுக்கு ஒத்துப்போகிறது.

தண்ணீர்ப் பண்டிகை சமயத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊரே வாளி வாளியாக என் தலையில் ஊற்றுகிறது, வாய்க்குள் போக எனக்கு அளவு! ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தெருவில் நின்று நானும் சிரிப்பேன். அந்த ஐஸும் கணக்கில் சேரும் என்று ஞாபகப்படுத்த ஆள் பக்கத்திலேயே இருக்கும்.

பெகு – மகள்

எங்கள் அப்பா பருப்புக் கடை வைத்திருப்பவர். கணக்கெல்லாம் தமிழில், நோட்டில். போன வருஷத்து நோட்டையும் இந்த வருஷத்து நோட்டையும் ஒரு பாக்கி விஷயமாக அருகருகே திறந்து வைக்க வேண்டி வந்தது. இந்த வருஷத்து எழுத்து வரி ஆரம்பத்தில் ஒழுங்காக இருந்து, போகப் போகச் சின்னதாகிக் கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிகிறது. கண்ணாடிதான் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், மாற்றியும் ஆயிற்று, எழுத்து பெரிதாகவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் அப்பாவுக்கு வாசம் தெரியவில்லை என்பதும் நடக்கும்போது இடது கை ஆடாமல் தொங்குவதும் அப்புறம்தான் கவனத்துக்கு வந்தது. கை நடுக்கம் துளியும் இல்லை, அதனால் பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் என்று டாக்டர் சொன்னபோது நம்ப முடியவில்லை. நடுக்கம் இல்லாமலும் வருமாம்.

மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறார். அடுத்த வேளை நெருங்கும்போது பேச்சு மெதுவாகிவிடும், சத்தமும் குறையும். கடைப் பையனுக்கே இப்போது தெரியும், "முதலாளி, மணி ஆச்சு" என்று தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். மாமிசம், பருப்பு என்று கனமாகச் சாப்பிட்ட உடனே போட்டால் மாத்திரை சரியாக வேலை செய்வதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தன்லின் – ஓய்வுபெற்ற நர்ஸ்

தாம்வே மருமகளுக்கு முதலில் இரண்டு விஷயம். அத்தைக்கு பிரஷர் மாத்திரை உண்டா? அட்டெனலால், புரோப்ரனலால் வகையாக இருந்தால் தாழ்சர்க்கரை வரும்போது படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் அமுங்கிவிடும். வேர்வை மட்டும் அமுங்காது. அதனால் தனக்காவில் விழும் கோட்டை விட்டுவிடாதீர்கள், அது நல்ல அடையாளம்தான்.

இரண்டாவது, சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் சர்க்கரை தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். இன்சுலினையும் சில சுகர் மாத்திரைகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றுவது கிட்னி. அது சோர்ந்துபோனால் மருந்து உள்ளேயே தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த டெஸ்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மோல்மேன் அண்ணன் எழுதியதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

எத்தனையோ நோயாளியைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என் சொந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தலையணை வைத்துப் படுத்தவர் இரண்டு வைத்தார், அப்புறம் மூன்று. பிறகு கொசு கடிக்கிறது என்று சொல்லிச் சாய்வு நாற்காலிக்கு மாறிவிட்டார். கொசுவலை கட்டிய கட்டிலை விட்டுவிட்டு, வலையில்லாத நாற்காலியில் கொசுவுக்குப் பயந்து யாராவது படுப்பார்களா? சாயங்காலமானால் செருப்பு வார் பதிந்த தடம் காலில் அப்படியே இருந்தது. நெஞ்சுவலி கிடையாது. இருதயம் சரியாக இறைக்காததால் படுத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியிருக்கிறது. அக்காவுக்கு அது நோயென்றே தோன்றவில்லை, வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது நீர் பிரியும் மாத்திரையில் நன்றாக இருக்கிறார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுகர் உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். திடீர்க் களைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ ஒரு பாரம், காரணமில்லாத வேர்வை. "வாயு" என்று இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

தட்டோன் – பேரன்

நர்ஸம்மா, ஒரு கேள்வி. எங்கள் பாட்டி நாள் முழுக்கக் கூன்யா போடுகிறவர். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, கொஞ்சம் புகையிலையும். ஈறில் ரத்தம் வந்தாலும் எது ரத்தம், எது வெற்றிலை என்று யாருக்குத் தெரியும். அதை விடுங்கள். மிளகாய் கடித்துக்கொண்டு சோறு தின்ற பாட்டி, இப்போது மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸையே காரம் என்று ஒதுக்குகிறார். வடையைப் பிய்த்துப் பிய்த்துப் பொடிப்பொடியாக வாயில் போடுகிறார். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். சும்மா விட்டுவிடலாமா?

தன்லின் – ஓய்வுபெற்ற நர்ஸ்

விடாதே தம்பி. பாட்டியின் வாயில் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்க முடிகிறதா பார். முடியவில்லையென்றால் பாக்கினால் கன்னத்து உள்சதை நார் கட்டி இறுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும், காரம் எரிவதும் அதில்தான். புகையிலையை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதே, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். எது இருந்தாலும் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. வலிக்கட்டும் என்று காத்திருக்காதே.

தட்டோன் – பேரன்

பார்த்தேன். இரண்டு விரல்தான் போகிறது. மூன்றாவதை நுழைக்கப் பார்த்ததற்குக் கடித்துவிட்டார். திட்டு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, வாயெல்லாம் சிவப்பாக இருக்கும்போது தெரியவும் தெரியாது. சனிக்கிழமை நல்ல நாள், அன்றைக்குப் போகலாம் என்கிறார்கள் வீட்டில். நான் கேட்கப் போவதில்லை. நாளைக் காலையிலேயே கூட்டிப் போகிறேன். வெற்றிலைப் பெட்டியை அம்மா ஒளித்து வைத்துவிட்டார், அதனால் இப்போது வீட்டில் யாரோடும் பாட்டிக்குப் பேச்சில்லை.