கடற்கரையில் மெட்டல் டிடெக்டருடன் தேட எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? (தென்கிழக்கு இங்கிலாந்து)

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் வசிக்கும் நான் அண்மையில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் தொடக்கநிலைக் கருவி அது. வயல்களில் தேடுவதற்கு நில உரிமையாளரின் இசைவு வேண்டும் என்பதால், முதலில் கடற்கரையில் பழகிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். சவுத்எண்ட், மார்கேட், கேம்பர் சாண்ட்ஸ், போர்ன்மவுத் ஆகிய நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது? அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் மணலில் எந்த மூலையில் தொடங்குவது? கூட்டம் கூடும் இடமே நல்ல இடம் என்கிறார்கள் சிலர். புயல் ஓய்ந்த மறுநாள் போனால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகடல் எழுதியது:

வணக்கம். ஊரின் பெயரைவிட, அந்த வாரத்தில் அங்கே மணல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதே முக்கியம். கூட்டம் கூடிய இடம், பொருள் எங்கே தொலைந்தது என்பதை மட்டுமே சொல்லும். அது இப்போது எங்கே கிடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது கடல். நாணயமும் மோதிரமும் மணலைவிடக் கனமானவை என்பதால், அலை மணலைக் கிளறக் கிளற அவை கீழிறங்கி, களிமண்ணோ பாறையோ இறுகிய கூழாங்கல் படுகையோ தடுக்கும் இடத்தில் தங்கிவிடுகின்றன. நம் கருவிகள் ஒரு நாணயத்தை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரை காட்டும். அதற்கு மேல் ஒரு மீட்டர் மணல் குவிந்திருந்தால், எத்தனை பேர் எத்தனை மோதிரங்களைத் தொலைத்திருந்தாலும் நமக்குப் பயனில்லை.

ஆகவே கருவியை இயக்குவதற்கு முன் கரையை ஒரு முறை நடந்து பாருங்கள். கடற்சுவரின் படிகளில் கடைசிப் படிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். கடலுக்குள் நீளும் மரத்தடுப்புகளின் பலகைகளில், பச்சைப் பாசிக்குக் கீழே பாசி படியாத வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தால், அண்மைக்காலம் வரை அந்த உயரத்துக்கு மணல் இருந்தது என்று பொருள். தென்கரையில் மணல் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக நகர்கிறது. எனவே தடுப்பின் மேற்குப் பக்கம் மணல் மேடிட்டும் கிழக்குப் பக்கம் பள்ளமாகவும் இருக்கும். நான் எப்போதும் கிழக்குப் பக்கத்தில்தான் தொடங்குவேன். தூண்டில் ஈயக்குண்டு, துருப்பிடித்த திருகாணி, கறுத்த நாணயம் ஆகியவை ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் கிடைத்தால் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. ஈயம் தங்கிய இடத்தில் தங்கமும் தங்கும். சிப்பியோடும் கடற்பாசியும் பிளாஸ்டிக்கும் மட்டுமே ஒதுங்கியிருந்தால் நேரத்தை வீணாக்காமல் கடந்து செல்லுங்கள்.

உங்கள் நான்கில் நான் மார்கேட்டைத் தேர்ந்தெடுப்பேன். லண்டன் மக்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே குளிக்கச் சென்ற கரை அது. 1846இல் ரயிலும் வந்துவிட்டது. மணலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால், மணல் விலகும் ஓரங்களில் பொருள்கள் அந்தப் பாறைக்குக் கீழே இறங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாள்களில் கடல் மிக அதிகமாக வற்றும். அந்நாள்களில் மார்கேட்டில் கடல் வற்றும் நேரம் விடியற்காலையிலும் மாலையிலும் அமைகிறது. கோடையில் மாலை நேரம் உங்களுக்கு வசதியாக இருக்கும். போர்ன்மவுத்தில் கரை அரிப்பைத் தடுக்கக் கடலடியிலிருந்து மணலை எடுத்து வந்து பலமுறை கொட்டியிருக்கிறார்கள். பழம்பொருள்கள் அதற்கு அடியில் போய்விட்டன.

சிப்பி எழுதியது:

வடகடல் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் கருவியை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒற்றை அதிர்வெண் கருவி, உப்புநீர் ஊறிய ஈர மணலில் உப்பையே உலோகமாக எண்ணி ஓயாமல் சத்தமிடும். கருவியின் கூருணர்வைக் (sensitivity) குறைத்தால் சத்தம் அடங்கும், ஆழமும் குறைந்துவிடும். ஈர மணலுக்குப் பல அதிர்வெண் கருவியே ஏற்றது. உங்களிடம் உள்ள கருவிக்கு, உயர்நீர்க் கோட்டுக்கு (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) மேலே உள்ள உலர்ந்த மணலே சரியான களம். அங்கே கூட்டம்தான் வழிகாட்டி: மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் வரிசை, படிக்கட்டின் அடிவாரம், ஐஸ்கிரீம் கடையின் முன்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். அந்த வகையில் போர்ன்மவுத்தும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

புயலைப் பற்றியும் ஒரு சொல். எல்லாப் புயலும் மணலை அகற்றுவதில்லை. எந்தத் திசையிலிருந்து காற்று வீசினால் எந்த மூலை அரிக்கப்படுகிறது என்பது கரைக்குக் கரை மாறும். ஒரே கரைக்குத் திரும்பத் திரும்பச் சென்றால்தான் அது பிடிபடும். அதனால் நான்கு ஊர்களுக்கும் அலைய வேண்டாம் என்பதே என் அறிவுரை.

அனுமதி மிக முக்கியம். கிரௌன் எஸ்டேட்டுக்கு (பிரிட்டிஷ் முடியாட்சியின் நிலங்களை நிர்வகிக்கும் அமைப்பு) சொந்தமான கரைகளில் இப்போது அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆனால் இங்கிலாந்தின் கரைகளில் ஏறத்தாழ பாதிதான் அவர்களுடையது. மற்றவை உள்ளூராட்சி மன்றங்களுக்கும் தனியாருக்கும் சொந்தம் என்பதால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேம்பரின் மணற்குன்றுகளும் சவுத்எண்டின் சேற்றுவெளியும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள். சவுத்எண்டில் கடல் ஒரு மைலுக்கு மேல் உள்வாங்கும். அந்தச் சேற்றில் கால் புதைந்த நிலையில் கடல் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு அப்பால் ஷூபரினெஸ் பக்கம் இராணுவத்தின் சுடுகளம் இருக்கிறது. அந்தத் திசையில் போகவே வேண்டாம்.

பழங்காசு எழுதியது:

ஹேஸ்டிங்ஸுக்கு அருகே புல்வர்ஹைத் கரையை யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். 1749 ஜனவரியில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஆம்ஸ்டர்டாம்’ என்ற கப்பல் தன் முதல் பயணத்திலேயே, பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகும் வழியில் அங்கே கரைதட்டியது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான். கடல் மிக அதிகமாக வற்றும் நாள்களில் அதன் விலாமரங்கள் மணலுக்கு மேல் தெரியும். 1969இல் இயந்திரத்தால் தோண்டி அதற்குச் சேதம் விளைவித்தார்கள். பிறகு சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. இன்னும் முழுமையாக ஆராயப்படாத அந்தக் கப்பலின் ஒரு ஆணியைக்கூட நாம் தொடக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

நாணயங்களை வைத்தும் இடத்தை அறியலாம். 1992 முதல் அடிக்கப்பட்ட 1, 2 பென்னி காசுகள் செம்பு முலாம் பூசிய எஃகு. கடலில் துருவேறி, செங்கல் நிறத்தில் ஊதிப்போய்க் கிடைக்கும். அவை மட்டுமே வந்தால் நீங்கள் நிற்பது புது மணல். 1947க்கு முந்தைய வெள்ளிக் காசுகள் கறுத்த மெல்லிய வட்டுகளாக வெளிப்படத் தொடங்கினால், கடல் பழைய படுகையைத் திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மார்கேட் ஒன்றையே எடுத்துக்கொண்டு, முதலில் உலர்ந்த மணலில் தொடங்குகிறேன். மோதிரம் ஏதேனும் கிடைத்தால் முறைப்படி என்ன செய்ய வேண்டும்?

சிப்பி எழுதியது:

அண்மைக்கால மோதிரம் என்றால் உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும். செய்யாமல் வைத்துக்கொள்வது திருட்டாகக் கருதப்படலாம். உட்புறம் பொறித்திருக்கும் பெயரையும் தேதியையும் பாருங்கள். உள்ளூராட்சி மன்றத்துக்குத் தெரிவியுங்கள். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் என்றால் 14 நாள்களுக்குள் அப்பகுதியின் கொரோனரிடம் (மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) அறிவிக்க வேண்டும். கப்பலிலிருந்து வந்த பொருள் என்றால் 28 நாள்களுக்குள் கப்பற்சிதைவுப் பொருள்களைக் கவனிக்கும் ‘ரிசீவர் ஆஃப் ரெக்’ என்ற அரசு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். குண்டு போன்ற எதையேனும் கண்டால் தொடாமல் விலகி நின்று, 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.