பிள்ளைக்குக் கண்டியில் மருந்து, நமக்கு எங்கே பாய்? தங்கியவர்கள் சொல்லுங்கள்

பொகவந்தலாவை அப்பா

அடுத்த மாதம் மகளைப் பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இருதய ஒப்பரேஷன். மனைவி வாட்டில் கூட நிற்பா. நானும் மாமியாரும் எங்கே இருப்பது என்றுதான் தெரியவில்லை. தினமும் போய் வருகிற தூரம் இல்லை. பக்கத்தில் காசு வாங்காமல் தங்க விடுகிற வீடுகள் இருக்கிறதாம். தங்கியவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

நோர்வூட் சித்தி

நான் 2022-இல் ஏழு கிழமை அப்படி ஒரு வீட்டில் இருந்தேன். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன்.

அக்கா குவைத்தில். அவளுடைய மகன் எங்களோடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில். அப்போது நாலு வயது. மே மாதம் ஒரு சாயங்காலம், குளிக்க வார்க்க அடுப்பில் வைத்திருந்த கேத்தலை இழுத்துவிட்டான். வலது கை, தோள், நெஞ்சில் பாதி. பக்கத்துக் காம்பராப் பாட்டி நல்ல மனதோடுதான் பற்பசையை அள்ளிப் பூசினார். அதைப் பூசவே கூடாதாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மேலே ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். வாட்டில் அந்தப் பற்பசையைக் கழுவி எடுக்கும்போது அவன் கத்தியதைக் கேட்டவர்கள் இனி ஒருவருக்கும் பூச மாட்டார்கள்.

எங்கள் டிவிஷன் பாதையில் கொழுந்து லொறி மட்டும்தான் ஏறும். அதில் ரோட்டுக்கு இறங்கி, 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சேலைன் ஏற்றி, அன்றிரவே கண்டிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று கிழமை வாட்டில். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். இத்தனைக்கும் நாங்கள் ஒரு சதம் கட்டவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

கஷ்டம் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்றுதான் தொடங்கியது. ஒன்றுவிட்டு ஒரு நாள் மருந்து கட்ட வரவேண்டும். முழங்கை மடங்கினபடி இறுகிவிடாமல் பயிற்சிக்கும் வரவேண்டும். அந்த நேரம் நாட்டு நெருக்கடி, பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, பஸ் வந்தால் வரும். வந்தாலும் பஸ் காசு கட்டாது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஆட்டோக்காரன் கேட்டதோ அதைவிடக் கூட. அதோடு புகை பிடித்த லயக் காம்பராவில் ஆறாத புண்ணோடு பிள்ளையை எப்படி வைத்திருப்பது? வீடு எங்கே என்று கேட்ட நர்ஸ் மிஸ்ஸிக்கு ஊரின் பேரைச் சொன்னேன். அவ பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு ஒரு துண்டில் சிங்களத்தில் நாலு வரி எழுதித் தந்தா. கெட்டம்பேயில் இறங்கிக் கேட்டுக்கேட்டுப் போனோம்.

வாசலில் பொறுப்பான அம்மா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையின் அம்மா எங்கே?" சித்தி என்றேன். அம்மாவைத்தான் எடுப்போம், அதுதான் சட்டம் என்றார். மழை பெய்கிறது, பிள்ளை தோளில் தூங்குகிறான், வாசல் வாங்கில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் "இன்றைக்கு மட்டும்" என்று கதவைத் திறந்தார். அன்றிரவே அக்கா குவைத்திலிருந்து போனில் அழுது பேசினாள். மறுநாள் கிராம சேவகர் எழுதிய கடிதத்தைத் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பினான். அந்த இன்றைக்கு மட்டும்தான் ஏழு கிழமை ஆனது. அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. யார் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று அவர் பார்க்கத்தானே வேண்டும்.

கோபம் வேறொன்றில். ஞாயிற்றுக்கிழமைகளில் தானம் கொடுக்க ஆட்கள் வருவார்கள். பால்மா, பிஸ்கட், சவர்க்காரம். எல்லாம் தேவையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். கட்டுப் போட்ட கை தெரிகிற மாதிரி நிறுத்தச் சொன்ன ஒருவரைப் பார்த்து, நான் இவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விட்டேன். அன்று எங்களுக்குப் பால்மா கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன், இரவில் அவன் பால் கேட்டபோது அப்படி நினைக்கவில்லை.

இனி அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சமைத்துத் தர மாட்டார்கள். அரிசி பருப்பு தருவார்கள், நாமே ஆக்க வேண்டும். இரண்டு கேஸ் அடுப்பு இருந்தது, கேஸ் இல்லை. நாடு முழுக்க இல்லை. பின்னால் தகரக் கொட்டிலில் பழைய விறகு அடுப்பு. குருநாகல், மாத்தளைப் பக்கத்துச் சிங்கள அம்மாமார் மூவர், அக்குறணையிலிருந்து பேரனோடு வந்த உம்மா ஒருவர், எல்லோரும் அதன் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஈர விறகு. மண்ணெண்ணெயும் இல்லை. ஒரே புகை.

நான் போன இரண்டாம் நாள். வாயில்லாப் பூச்சியாக மூலையில் நின்றேன். இலவசமாக இருக்கிற இடம், அதிலும் நான் உண்மை அம்மாவும் இல்லை, வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். ஆனால் அவர்கள் விறகை அடுக்கிய விதத்தைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை. காற்றுப் போக வழியே இல்லாமல் திணித்திருந்தார்கள். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். காய்ந்த பொச்சுமட்டையை அடியில் வைத்து, சுள்ளியைக் குறுக்கே அடுக்கி, ஒரு துண்டுக் குழாயை எடுத்து ஊதினேன். தேயிலைச் செடி வெட்டிய மிளாறு எரித்துப் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தீ பிடித்ததும் குருநாகல் அக்கா கை தட்டினார். அன்றிலிருந்து நான் "கிந்தர நங்கி". நெருப்புத் தங்கச்சி. காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள்.

ஆனால் பிள்ளை? அவனுக்கு நெருப்பைக் கண்டாலே உடம்பெல்லாம் நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையில் ஆவி வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் அடுப்படிக்குப் போனால் என் சட்டையைப் பிடித்து இழுத்து அழுவான், என்னையும் அது சுட்டுவிடும் என்று. அதனால் நான் அடுப்புப் பற்ற வைக்கிற நேரமெல்லாம் குருநாகல் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு முன் பக்கம் போய்விடுவார். அவருடைய மகளுக்குச் சிறுநீரக வருத்தம், உப்பில்லாமல் தனிச் சட்டியில் ஆக்க வேண்டும். அந்தச் சட்டியை நான் பார்த்துக்கொண்டேன், இவனை அவர் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது சிங்களம் பாதிதான். உம்மாதான் நடுவில் இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு, பாதியைத் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துச் சொல்வார்.

ஜூலை 9 கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த அன்று, வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் டிவி முன்னால். நான் கொட்டிலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவன் வாசற்படியில் நிற்கிறான், தனியாக. உள்ளே வரவில்லை. அடுப்பைப் பார்த்தபடி "சித்தி, கிந்தர" என்றான், நாயைக் காட்டி எச்சரிக்கிற மாதிரி. அடுத்த நாள் இன்னும் ஒரு படி உள்ளே. கேஸ் திரும்பி வந்தபோது என் பதவி போய்விட்டது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இறுக்கமான கைச்சட்டை ஒன்று தந்தார்கள், நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும், ஒரு வருடத்துக்குமேல் போட்டான். கை நேராக நீள்கிறது. லயத்துச் சின்னப் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் போனால் முதலில் கத்துகிறவன் அவன்தான். இன்றைக்கும் அவனுக்கு அது நெருப்பு இல்லை, கிந்தர.

ஹட்டன் கடைத்தம்பி

சித்தி எழுதியது எல்லாம் பொம்பளைகளுக்கு. ஆம்பளை நிலைமையையும் கேளுங்கள். நான் போன மூன்று இடத்திலும் ஆண்களை இரவில் எடுக்கவில்லை. காரணம் நியாயம்தான், தாய்மாரும் பிள்ளைகளும் படுக்கிற இடம். ஆனால் மகன் உள்ளே, மனைவி உள்ளே, நான் கண்டி பஸ் ஸ்டாண்டில் நாலு இரவு. பிறகு ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி, காலையில் தேங்காய் துருவித் தந்தால் பின்னால் படுக்கலாம் என்றார். மனைவி இரண்டு மாதத்தில் மெலிந்தா, நான் தொப்பை வைத்தேன். பொகவந்தலாவை அண்ணன், மாமியாருக்கு இடம் கிடைக்கும், உங்களுக்கு என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா அம்மா

நாங்கள் கொழும்புப் பக்கம் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி. மகனுக்கு இரத்தப் புற்றுநோய். மலைநாட்டில் இல்லை, என்றாலும் சொல்கிறேன், வீடு தூரம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

புற்றுநோய் மருந்து ஏற்றியபிறகு, கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அந்த நாட்களில் பிள்ளையை வாட்டில் வைத்திருக்க மாட்டார்கள், கட்டில் வேறு பிள்ளைக்கு வேண்டும். ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும், விடியட்டும் என்று பார்க்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மஸ்கெலியாவிலிருந்து அவிசாவளை வழியாக வந்து சேர அரை நாள். ஒரு தடவை காசில்லை என்று வீட்டுக்குப் போனோம், இரவு பத்து மணிக்கு உடம்பு கொதித்தது. பிறகு போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் எட்டு மாதம் இருந்தோம். இரண்டு தடவை நடுச்சாமத்தில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தோம்.

அவன் இப்போது இல்லை. அது மூன்றாவது வருடம், வேறு காரணம். அந்த எட்டு மாதத்தில் அவன் பக்கத்து அறைப் பையனோடு கரம் விளையாடினான், சண்டை பிடித்தான், கள்ள ஆட்டம் ஆடினான். வாட்டில் இருந்திருந்தால் அது ஒன்றும் நடந்திருக்காது.

நோர்வூட் சித்தி

அக்கா.

பண்டாரவளையான், இப்போது டொரண்டோ

இங்கே தங்கை மகளுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு அருகில் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லத்தில் இருந்தார்கள். பெரிய சமையலறை, அப்பா, அண்ணன், தம்பி எல்லோருக்கும் இடம். இந்த இல்லங்களில் முதலாவது 1974-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கியதாம். ஃப்ரெட் ஹில் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அவரும் அவருடைய குழுவும், ஓட்ரி எவன்ஸ் என்ற பெண் டாக்டரும் முன்நின்று அந்த வீட்டைத் திறந்திருக்கிறார்கள். கடைத்தம்பி எழுதியதைப் படித்தபோது அந்த அப்பா ஃப்ரெட் ஹில்தான் ஞாபகம் வந்தார். இங்கே சமையலறையில் மிளகாய்த்தூள் மட்டும் யாரிடமும் இல்லை. தங்கை பையில் கொண்டுபோயிருந்தாள்.

பசறை டீச்சர்

என் மாணவிகள் இரண்டு பேரின் வீட்டார் தங்கினார்கள், கடிதங்கள் எழுதிக் கொடுத்தது நான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளினிக் கொப்பி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தங்குகிறவரின் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி. தாய் இல்லாமல் வேறு ஆள் போனால் கிராம சேவகரிடம் கடிதம் கட்டாயம், சிங்களத்தில் எழுதி வாங்குங்கள், தமிழில் இருந்தால் அங்கே படிக்க ஆள் தேடுவார்கள். (எழுத வேண்டியவர்கள் இரண்டு மொழியிலும் எழுதலாம்தான். அதைப் பேசினால் விடிந்துவிடும்.) இடம் கேட்டு அலையாதீர்கள், முதலில் வாட்டு மிஸ்ஸியிடம் கேளுங்கள், அவர்கள் சொன்னால்தான் பல இடங்களில் கதவு திறக்கும். போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு சட்டி, ஒரு பூட்டு. பூட்டை மறக்க வேண்டாம், ஆட்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு அறையில் நாலு குடும்பம். மாமியாருக்குச் சுவெட்டர் எதற்கு என்று நினைக்காதீர்கள், ஆஸ்பத்திரிச் சீமெந்துத் தரை பொகவந்தலாவைக் குளிரைவிட மோசம்.

பொகவந்தலாவை அப்பா

எல்லோருக்கும் நன்றி. மஸ்கெலியா அக்காவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, இரண்டு தடவை எழுதி அழித்தேன். மிஸ்ஸியிடம் நாளைக்குக் கேட்கிறேன். கடைத்தம்பி, அந்தச் சாப்பாட்டுக் கடை எந்தப் பக்கம் என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள், எனக்குத் தேங்காய் துருவத் தெரியும்.

சித்தி எழுதியதை மாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேஸ் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஊதாங்குழலை எடுத்துப் பையில் வைத்துவிட்டார்.