ஃபிளமென்கோ புலேரியாஸ் லூப் 4/4-ல (நாலு தட்டு தாளத்துல) உட்கார மாட்டேங்குது, யாராவது கைகொடுங்க

மொட்டைமாடி:

வேளச்சேரில என் படுக்கையறைதான் ஸ்டுடியோ. பகல்ல டெஸ்டிங் வேலை, ராத்திரி 11 மணிக்கு மேல ஏபிள்டன், அதாவது மியூசிக் பண்ற சாஃப்ட்வேர். அடுத்த சனிக்கிழமை ஈசிஆர்ல ஒரு கஃபேல சாயங்கால செட் கிடைச்சிருக்கு. ஓனர் கேட்டது: ஸ்பானிஷ் மாதிரி இருக்கணும், ஆனா யாரும் எழுந்து ஆடக்கூடாது, உட்கார்ந்த இடத்துல தலையாட்டினா போதும்.

100 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 100 தட்டு) நிதானமா ஒரு பீட் போட்டேன். மேல வைக்க ஒரு சாம்பிள் பேக்ல (ரெடிமேட் ஒலித் துண்டுகள்) இருந்து புலேரியாஸ் கிட்டார் லூப் எடுத்தேன், ஸ்பெயின் ஃபிளமென்கோ இசையில ஒரு வகை அது. 200 பிபிஎம்னு போட்டிருந்தது. சரியா பாதி, பொருந்திடும்னு நினைச்சேன். முதல் பார் (நாலு தட்டு) சொர்க்கம். ரெண்டாவது பார்ல கிட்டார் ஒரு பக்கம், ட்ரம் ஒரு பக்கம். நாலாவது பார் முடியும்போது கிட்டார் பாதி பேச்சுல வாயை மூடுது. வார்ப் மார்க்கரைப் (ஒலியை நீட்டிச் சுருக்குற குறி) பிடிச்சு இழுத்து தட்டுக் கோட்டுல உட்கார வெச்சா, கல்யாண ரிசப்ஷன்ல சூப் கவுன்டர் பக்கத்துல ஓடுற மியூசிக் ஆயிடுது.

இன்னொண்ணு. பேட், அதாவது பின்னாடி நீளமா நிக்கிற சிந்த் ஒலி, ஈ மைனர்ல போட்டிருக்கேன். கிட்டார் கடைசி கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) வரும்போதெல்லாம் பல்லுல மணல் கடிச்ச மாதிரி இருக்கு. ஏன்?

கஞ்சிராக்காரன்:

தம்பி, இழுக்கிறதை முதல்ல நிறுத்து. லூப் மேல தப்பே இல்ல, நீ அதை நாலு நாலா எண்ணுறதுதான் வம்பு.

புலேரியாஸ் 12 எண்ணிக்கை. அந்தச் சுத்தை அவங்க கொம்பாஸ்னு சொல்றாங்க. அழுத்தம் விழுற இடம் 12, 3, 6, 8, 10. ஆமா, 12-லதான் ஆரம்பிக்குது, முதல்ல கேட்கும்போது எனக்கும் தலை சுத்திச்சு. அப்புறம் சொல்கட்டுல போட்டுப் பார்த்தேன்: தகிட தகிட தக தக தக. மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. அவ்ளோதான். மயிலாப்பூர்ல கஞ்சிரா கத்துக்கப் போன முதல் வருஷமே வாயில வந்த சொல்லு, ஸ்பெயின்காரன் கிட்டார்ல வாசிக்கிறான்.

இப்ப உன் கணக்குக்கு வா. நீ 100, அது 200. உன் ஒரு கிக்குக்கு (கனமான ட்ரம் அடி) அதோட ரெண்டு எண்ணிக்கை. ஒரு சுத்துக்கு ஆறு கிக்: 12, 2, 4, 6, 8, 10. அழுத்தத்துல நாலு இடம் கிக்கோட ஒட்டிக்குது. 3 மட்டும் ரெண்டு கிக்குக்கு நடுவுல தொங்குது. முதல் பார் சொர்க்கமா இருந்ததுன்னு சொன்னியே, அது அந்த 3-னாலதான், ஒரு சின்னத் தூக்கல் கிடைக்கும். ஆனா ரெண்டாவது பாரோட முதல் தட்டு போய் 8-ல விழுது. உனக்கு சமம் (தாளம் ஆரம்பிக்கிற இடம்) மாதிரி இருக்கிறது கிட்டாருக்கு வழியில ஒரு ஸ்டாப்பிங். நாலு பார்னா 32 எண்ணிக்கை. ரெண்டு சுத்து போக 8 மிச்சம். அந்த மிச்சத்துலதான் பாதிப் பேச்சுல வெட்டுது.

ப்ராஜெக்டை 6/4 ஆக்கு. நம்ம ரூபக தாளம் மாதிரி ஆறு அட்சரம் (தட்டு), ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுத்துக்கு) ஒரு கொம்பாஸ். எல்லா அட்சரத்துலயும் கிக் வைக்காதே. 12-லயும் 6-லயும் மட்டும் கிக், 3-ல ரிம்ஷாட் (ட்ரம் விளிம்புல அடி), 8, 10 ரெண்டுக்கும் ஷேக்கர் (கிலுக்கு). மீதியை காலியா விடு.

6/4 வேண்டாம், தலை ஆடணும்னா புலேரியாஸை ஒரே ஒரு பாட்டுக்கு வெச்சுக்கிட்டு மத்ததுக்கு ரும்பாவுக்குப் போ. அது தகிட தகிட தக, எட்டோட முடிஞ்சுது. உன் 4/4-ல அப்படியே உட்காரும். கியூபா பக்கத்து ரும்பா கடல் தாண்டி ஸ்பெயினுக்கு வந்து வேற ஆளா மாறினதுதான் அது. லத்தீன் வாசனையும் சேர்ந்தே வரும்.

கைதட்டலை மட்டும் பேக்ல இருந்து எடுக்காதே. நீயே தட்டு. அவங்க ரெண்டு விதமா தட்டுவாங்க. விரலை உள்ளங்கையில அடிச்சா பளிச்சுன்னு வர்றது க்ளாராஸ், ரெண்டு கையையும் குழிச்சுத் தட்டினா அமுங்கி வர்றது சோர்தாஸ். உன் வேகத்துக்கு சோர்தாஸ். நாலு டேக் தனித்தனியா எடு. ஒரே டேக்கை காப்பி பண்ணினா நாலு பேர் தட்டின மாதிரி வராது, ஒருத்தன் குழாய்க்குள்ள தட்டின மாதிரி வரும்.

நைலான்கம்பி:

மணல் எங்கன்னு நான் சொல்றேன். அந்த கிட்டார் ஏ மைனர், ஜி, எஃப், ஈன்னு இறங்குது, சரியா? கடைசி ஈ மேஜர். அதுல ஜி ஷார்ப் இருக்கு. உங்க பேட்ல ஈ மைனர், அதுல வெறும் ஜி. ரெண்டும் ஒரே நேரத்துல நின்னா கடிக்காம என்ன செய்யும்?

கர்நாடக சங்கீதம் கேட்கிறவங்களுக்குச் சொல்றதுன்னா, பாட்டு நகரும்போது தோடி ஸ்வரங்கள், போய் நிக்கும்போது வகுளாபரணம். காந்தாரம் (க ஸ்வரம்)தான் மாறுது. (கமகம் கிடையாது, ஸ்வரத்தை மட்டும்தான் சொல்றேன், அடிக்க வராதீங்க.) பேட்ல காந்தாரத்தையே எடுத்துடுங்க. ஈ, பி ரெண்டு மட்டும், தம்பூரா மாதிரி. கிட்டார் எந்தக் காந்தாரத்தை வேணா தொடட்டும்.

சொந்தமா கிட்டார் ரெக்கார்ட் பண்றதா இருந்தா ஃபேனை நிறுத்துங்க. மே மாசம்னாலும் நிறுத்துங்க.

29சி_ஜன்னல்சீட்:

நான் வெளியிடத்துல நிறைய வாசிச்சவன், அதனால ஸ்பீக்கர் பக்கத்துல இருந்து பேசறேன். என் அனுபவத்துல கடல் காத்துல ஹை (கீச்சு ஒலி) எல்லாம் குறைஞ்ச மாதிரி கேட்கும், கைதட்டல் மட்டும் தூக்கலா நிக்கும். ரூம்ல சரியா இருக்கிற அளவுல இருந்து கைதட்டலை 3 டிபி (டெசிபல், ஒலி அளவு) குறைச்சுட்டுப் போ.

கேட்டுப் பார்க்கணும்னா ஷம்பாவோ கேளு. தெற்கு ஸ்பெயின்ல மலாகா ஆளுங்க, 2002-லயே இதுக்கு ஃபிளமென்கோ சில்னு பேர் வெச்சே ஆல்பம் போட்டாங்க. குரல் முன்னாடி, எலெக்ட்ரானிக் பின்னாடி. நம்ம ஆளுங்க தலைகீழா பண்ணுவாங்க. பாரிஸ்ல இருந்த கோத்தான் ப்ராஜெக்டையும் சிலர் இதே கூடையில போடுவாங்க, ஆனா அது அர்ஜென்டினா டாங்கோ. ஃபிளமென்கோவுல தாங்கோஸ்னு ஒண்ணு இருக்கு, நாலு எண்ணிக்கை, பேர் ஒத்துமையே தவிர ரெண்டும் வேற ஆட்டம்.

கஹோன் வேணும்னு ஓனர் கேட்பார், வாடகைக்கு எடுத்துடாதே. அது ஸ்பெயின் வாத்தியமே இல்ல, பெரு நாட்டுப் பெட்டி. 1970-கள் கடைசியில பாக்கோ தெ லூசியா குழுதான் ஃபிளமென்கோவுக்குள்ள கொண்டுவந்தது. ஆனாலும் நல்லா இருக்கும், அது வேற விஷயம்.

சன்செட் செட்டுன்னா எல்லாரும் இபிசால இருக்கிற கஃபே தெல் மார் மாதிரி கேட்பாங்க. அங்க சூரியன் கடல்ல மறையுது. ஈசிஆர்ல நீ கடலைப் பார்த்து நின்னா முதுகுக்குப் பின்னாடி, ரோட்டுப் பக்கம் மறையும். லைட்டிங் ஆள்கிட்ட முன்னாடியே சொல்லிடு.

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி. 6/4 மாத்தினேன், லூப் வெட்டுப்படல. பேட்ல இருந்து ஜி-யை எடுத்ததும் மணலும் போச்சு.

கைதட்டலை ரூம்ல எடுத்தா ஃப்ரிட்ஜ் சத்தம். அதனால காலைல 5 மணிக்கு மாடியில போய் எடுத்தேன். மூணாவது டேக்ல காக்கா வந்துடுச்சு, நாலாவதுல கீழ்வீட்டு மாமி படியேறி வந்து "பஜனையா? யார் வீட்டுல?"ன்னு கேட்டாங்க. அவங்க குரலையும் விட்டுவெச்சிருக்கேன், 12-க்கு முன்னாடி கரெக்டா விழுது.

கஞ்சிரா அண்ணா, ஒரு சந்தேகம். 6, 8, 10 கை தானா போகுது. 3 மட்டும் நான் எப்பவும் கொஞ்சம் முந்திடறேன். வாயில தகிட சொல்லிக்கிட்டே தட்டினா சரியா வருது, ஆனா மைக்ல வாயும் விழுது.

கஞ்சிராக்காரன்:

மனசுக்குள்ள சொல்லு தம்பி. வரலன்னா இடது கால் கட்டைவிரலை தகிட ஒவ்வொண்ணுக்கும் தட்டு, செருப்பைக் கழட்டிட்டு.